மீண்டு வந்தவர் ஆலோசகராவதற்கு எந்தப் பயிற்சி வேண்டும்?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 34. மலேசியாவில் சமையல் வேலை பார்த்த காலத்தில் குடி முற்றி, ஊர் திரும்பி, சிகிச்சை பெற்று, குடியை நிறுத்தி மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர். காரைக்குடி வட்டாரத்தில் ஒரு மறுவாழ்வு மையம் அவரைக் கவுன்சலராக வேலைக்கு அழைத்திருக்கிறது. “குடித்து மீண்டவனுக்கு வேறு படிப்பு எதற்கு, உன் அனுபவமே போதும்” என்கிறார்களாம். பயிற்சி உண்மையிலேயே தேவையா, எங்கே கிடைக்கும், சேர்வதற்கு முன் அந்த மையத்தில் என்ன பார்க்க வேண்டும், நோயாளிகளிடம் தன் கதையைச் சொல்லலாமா என்று கேட்கிறார்.

தம்பி, பயிற்சி தேவை. மற்றவர்களைவிட உங்களுக்குக் கூடுதலாகவே தேவை. ஏன் என்று சொல்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செவிலியராகத் தொடங்கி, குடிநோய் வார்டுகளில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவள். அதில் பாதிக் காலம் புதிய ஊழியர்களுக்கு வகுப்பெடுத்தேன். இப்போது பள்ளத்தூரில் இருக்கிறேன்.

மூன்றரை ஆண்டு சிறிய காரியமில்லை. பட்டம் வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. குடியிலிருந்து மீள முடியும் என்பதற்கு நீங்களே சாட்சி. நாங்கள் ஆறு பேர் மாறி மாறிச் சொல்லியும் நம்பாத ஒருவர், உங்களைப் போன்ற ஒருவர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்ப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதை எந்த வகுப்பிலும் கற்றுத்தர முடியாது. ஆனால் நம் செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போன காலத்தில், பெரிய வீட்டுப் பிள்ளையே ஆனாலும் கிட்டங்கி என்னும் தொழிலிடத்தில் கடைசிப் படி வேலையாளான பெட்டியடிப் பையனாகத்தான் முதலில் உட்கார வேண்டும். பிறகு அடுத்தாள். அதற்குப் பிறகுதான் மேலாள். வீட்டில் பணம் இருக்கிறது என்பதற்காக, வந்திறங்கிய அன்றே கடன் கொடுக்கும் பொறுப்பை யாரும் ஒரு பையன் கையில் ஒப்படைத்ததில்லை. உங்கள் மூன்றரை ஆண்டு உங்களுடைய முதல். அதை வைத்துத் தொழில் செய்வது எப்படி என்பதை இனிமேல்தான் நீங்கள் கற்க வேண்டும்.

உடம்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவசரம் அங்கேதான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் மையத்தில் வாரம் இரண்டு இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கொத்தனார், நாற்பது வயதிருக்கும், குடியை நிறுத்தி மூன்றாம் நாள். போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்று மாலைப் பணியில் இருந்தவர் குடியை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆனவர், நல்ல மனிதர். “வீட்டுக்குப் போவதற்காக நடிக்கிறான், நானும் அந்த நாளில் இப்படி நடித்தவன்தான்” என்று சொல்லி அறைக் கதவை வெளியே தாழிட்டுவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது கொத்தனாரின் உடம்பு நெருப்பாகக் கொதித்தது, சட்டை வியர்வையில் ஊறியிருந்தது, தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது தெரியவில்லை. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பிழைத்தார். அந்த ஊழியர்மீது எனக்கு இன்றும் கோபமில்லை. அவர் குடியை நிறுத்தியபோது இரண்டு நாள் கைநடுக்கத்தோடு போய்விட்டது. தன் ஒரு உடம்பை மட்டுமே அவர் அறிந்திருந்தார்.

இதைத்தான் முதல் வாரப் பயிற்சியில் உடைக்கிறோம். நெடுநாள் குடித்த உடம்பு குடியை நிறுத்தியதும் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கால ஒழுங்கு உண்டு. சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சன்னி கண்டு, இல்லாததைக் கண்டும் கேட்டும் பிதற்றும் நிலை சிலருக்கு வரும். சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரை எடுக்கும். இதை அளப்பதற்கு உலகம் முழுவதும் வார்டுகளில் பயன்படும் ஒரு பத்து அம்சப் பட்டியல் இருக்கிறது, ‘சிவா’ அளவுகோல் என்போம். குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், நிலைகொள்ளாமை, தோலில் ஊர்வது போன்ற உணர்வு, காதில் விழுவது, கண்ணில் தெரிவது, தலைவலி, நாள் இடம் நினைவிருக்கிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, மொத்தம் கூடினால் மருத்துவரை எழுப்ப வேண்டும். மருந்து தருவது உங்கள் வேலையில்லை. இரவு இரண்டு மணிக்கு, எழுப்பலாமா வேண்டாமா என்று தயங்காமல் எழுப்புவதுதான் உங்கள் வேலை. அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்கே ஒரு வாரம் பயிற்சி தரலாம்.

கூடவே இன்னும் இரண்டு. குடித்து மெலிந்தவருக்குத் தயமின் என்னும் பி1 வைட்டமின் போடாமல் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். “தெம்பு வர ஒரு பாட்டில் ஏற்றுங்கள்” என்று வீட்டார் கேட்கும்போது இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, சாராயம் குடித்தவர் கண் மங்குகிறது என்று சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அது மெத்தனாலாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தால் இறந்தார்கள். மையத்தில் வைத்துப் பார்க்கும் நோயில்லை அது, உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கஞ்சா, வலி மாத்திரை, ஊசி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பாடம் இருக்கிறது. அவற்றை நிறுத்தும்போது வரும் அறிகுறிகளும் மருந்தும் வேறு. குடியில் மீண்ட அனுபவத்தை வைத்து, மாத்திரைக்கு அடிமையான இருபது வயதுப் பையனை நடத்தப் புறப்படாதீர்கள் என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்தது கணக்கு. “எவ்வளவு குடிப்பீர்கள்?” என்று கேட்டால் நம் ஊரில் “ஒரு குவார்ட்டர்தான் அக்கா” என்பார்கள். அந்தத் ‘தான்’ இருக்கிறதே, அதைக் கேட்டு நீங்களும் தலையாட்டுவீர்கள், ஏனென்றால் நீங்கள் அதைவிட அதிகம் குடித்தவர். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. கடையில் விற்கும் பிராந்தியில் ஆல்கஹால் அளவு சுமார் 42.8 சதவீதம். அதில் 30 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால். இந்தப் பத்துக் கிராமைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ வினாத்தாள் ஓர் அளவு என்று கொள்கிறது. அப்படியானால் ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. அந்த வினாத்தாளின் பத்துக் கேள்விகளில் மூன்றாவது, ஒரே அமர்வில் ஆறு அல்லது அதற்கு மேல் எத்தனை முறை குடிக்கிறீர்கள் என்பது. ‘ஒரு குவார்ட்டர்தான்’ என்பவர் தினமும் அந்தக் கோட்டைத் தொடுகிறார். மொத்தம் 40 மதிப்பெண்ணில் 8ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கணக்கை ஒரு நோயாளியின் முன் தாளில் போட்டுக் காட்டிப் பாருங்கள். ஒரு மணி நேர அறிவுரை செய்யாததை அது செய்யும்.

அறிவுரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புதிதாக வரும் மீண்டவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் தொழிலாளி ஒருவர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “விட வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் நாள் முழுதும் குனிந்து வேலை பார்த்துவிட்டு எழுந்தால் இடுப்பு நிற்பதில்லை. கொஞ்சம் போட்டால்தான் தூக்கம் வருகிறது” என்கிறார். உங்கள் வாயில் உடனே வருவது, “எனக்கு மட்டும் வலி இல்லையா? அடுப்படியில் பதினாறு மணி நேரம் நின்றவன் நான். நான் விடவில்லையா?” உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லோடு அவர் கதவைச் சாத்திக்கொள்வார். இனி நீங்கள் சொல்வதற்கெல்லாம் “சரிண்ணே” என்று தலையாட்டிவிட்டு, வெளியே போனதும் கடைக்குப் போவார். பயிற்சி பெற்றவர் அவர் சொன்னதில் பாதியை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுப்பார். “விட வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கே இருக்கிறது. இடுப்பு வலியும் தூக்கமும் நடுவில் நிற்கின்றன.” அவ்வளவுதான். பிறகு பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனம் பொறுக்க முடியாததாக இருக்கும், நீங்கள் பொறுத்தால் அடுத்த வாக்கியத்தை அவர் சொல்வார். “போன ஆடியில் ஒரு மாதம் விட்டிருந்தேன்” என்று சொல்லலாம். அப்போது கேளுங்கள், அந்த மாதம் இடுப்பு வலிக்கு என்ன செய்தீர்கள் என்று.

வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் எழுதத் தொடங்கி, ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் நூலாக்கிய முறை இது. ஊக்கமூட்டும் நேர்காணல் என்று தமிழில் சொல்கிறோம். எதிராளி தடுமாறும்போது அவரைத் திருத்திவிட வேண்டும் என்ற துடிப்பு உதவுபவருக்கு எழும். அதை அடக்கக் கற்பதே இதன் பாதிப் பாடம். படித்த பிள்ளைகளுக்கு அந்தத் துடிப்பு கொஞ்சம். மீண்டவர்களுக்கு அது ஆவேசமாகவே இருக்கும். தான் கரையேறிய பிறகு இன்னொருவர் முழுகுவதைப் பார்க்கப் பொறுக்காது. அந்த நல்ல குணத்துக்கு வாய்க்கால் வெட்டித் தருவதுதான் பயிற்சி. புத்தகம் படித்து இது வராது. மூன்று மூன்று பேராக உட்கார்ந்து, ஒருவர் நோயாளியாக நடித்து, மற்றவர் கேட்டு, மூன்றாவது ஆள் குறிப்பெடுத்து, மறுபடியும் மறுபடியும் செய்ய வேண்டும். என் வகுப்புகளில் நாலு நாள் இதற்கே போகும்.

நம் பகுதிக்கென்றே சில பாடங்கள் உண்டு, எந்தப் பாடத்திட்டத்திலும் அவை இந்த அளவுக்கு எழுதப்பட்டிருக்கவில்லை. செட்டிநாட்டு ஊர்களில் ஒருவரைப் பார்த்ததும் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது யார் வீடு. மூன்றாவது கேள்விக்குள் உங்களுக்கும் அவருக்கும் உறவோ, கடனோ, கோயில் வரியோ ஏதாவது ஒரு தொடர்பு வந்துவிடும். வீட்டு விஷயம் முகப்பைத் தாண்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள், இரண்டாம் கட்டில் நடந்த அடிதடியை உங்களிடம் சொல்கிறார்கள். அதை நீங்கள் மறுநாள் தேவகோட்டைக் கடைத்தெருவில் யாரிடமாவது பெயர் சொல்லாமல் சொன்னால்கூட ஊருக்குத் தெரிந்துவிடும். “ஆத்தங்குடியில் ஒருவர், இடுப்பு வலிக்காரர்” என்றாலே போதும், ஆள் இன்னார் என்று கண்டுபிடிப்பார்கள். (மேலே நான் சொன்னவர் கற்பனை, கவலைப்படாதீர்கள்.) உறவினர் யாரையும் நீங்கள் ஆலோசகராக நடத்தக் கூடாது, இன்னொருவரிடம் மாற்றிவிட வேண்டும். நோயாளியிடமோ அவர் குடும்பத்திடமோ பணம் வாங்கவோ கொடுக்கவோ கூடாது, சீட்டில் சேரக் கூடாது, அவர் வீட்டு விசேஷத்துக்குச் சமையல் ஒப்பந்தம் பேசக் கூடாது. கடைசியாகச் சொன்னது உங்களுக்காகவே சொன்னது.

இன்னொன்று, பெண்கள் கேட்பது. “அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கிற மருந்து இருக்கிறதாமே, வாங்கித் தருவாயா தம்பி” என்று ஒரு ஆச்சி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அநேகமாக டைசல்ஃபிராமைச் சொல்கிறார். 1948இல் டென்மார்க்கில் குடிநோய்க்கான மருந்தாகக் கண்டறியப்பட்டது அது. அதை எடுத்திருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பரிசோதித்து, நோயாளி தெரிந்து ஒப்புக்கொண்டு எடுக்கும்போது அது நல்ல துணை. தெரியாமல் கலந்தால் விஷம். அந்த ஆச்சியின் அழுகைக்கு முன் ‘இல்லை’ என்று சொல்லவும், சொன்ன பிறகு அவரைத் தனியே விடாமல் குடும்பத்தினருக்கான ஆலோசனைக்கோ, குடிப்பவர்களின் வீட்டார் கூடும் அல்-அனான் கூட்டத்துக்கோ சேர்த்துவிடவும் தெரிய வேண்டும். குடிப்பவரைவிட அந்த வீட்டின் ஆச்சிக்குத்தான் முதலில் உதவி தேவைப்படும் வீடுகள் நிறைய இருக்கின்றன.

நோயாளி திரும்பக் குடிப்பது எப்போது என்பதையும் நம் ஊர் நாட்காட்டியை வைத்துத்தான் சொல்லித்தருவேன். மனக் கஷ்டம், சச்சரவு, கூட்டாளிகளின் வற்புறுத்தல் என்று மூன்று பெரிய காரணங்களை ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்தார். நம் நோயாளிக்கு அவை சிராவயல் மஞ்சுவிரட்டு நாளாகவும், பங்காளி வீட்டுக் கிடாவெட்டாகவும், கல்யாணச் சமையலில் விடிய விடியக் கண் விழிக்கும் இரவாகவும், துக்க வீட்டுத் திண்ணையாகவும் வரும். தை மாதம் வருமுன்னே, மஞ்சுவிரட்டு நடக்கும் மூன்றாம் நாள் எங்கே இருப்பீர்கள், யாரோடு இருப்பீர்கள் என்று அவரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். மீண்டும் குடித்துவிட்டு வந்தால் அவரை அவமானப்படுத்தாமல், எந்த இடத்தில் வழுக்கியது என்று பார்க்க வேண்டும். இதில் உங்கள் அனுபவம் பொன்னாக உதவும்.

இனி அந்த மையம். சேர்வதற்கு முன் ஒரு பகல் முழுவதும் அங்கே போய் உட்காருங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், இரவில் செவிலியர் உண்டா, வலிப்பு வந்தால் வண்டி எங்கே என்று கேளுங்கள். நோயாளிகளுக்கு மொட்டை போட்டிருக்கிறார்களா, அவர்களை வைத்துக் கட்டட வேலை வாங்குகிறார்களா என்று பாருங்கள். கட்டாய மொட்டையையும் கட்டாய வேலையையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. நமக்குப் பக்கத்து மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இந்தத் துறையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் அந்தத் தேதியை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்களிடம் குறிப்பாக ஒன்றைக் கேட்கிறேன். கவுன்சலர் வேலை என்று சொல்லிவிட்டு, இரவில் வண்டியில் போய் வீட்டார் காட்டும் ஆளைத் தூக்கி வரச் சொல்கிறார்களா? மீண்டவர்களைப் பல இடங்களில் இதற்குத்தான் வைத்துக்கொள்கிறார்கள். உடல் பலம் இருக்கிறது, குடிகாரரின் தந்திரம் தெரியும், சம்பளம் குறைவாகக் கொடுத்தாலும் நன்றியோடு இருப்பார்கள். சம்மதிக்கும் நிலையில் இல்லாத ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் வீட்டாரின் கையெழுத்து மட்டும் போதாது. மனநல மருத்துவர் உட்பட இருவர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். அப்படியும் முதலில் 30 நாள்தான் வரம்பு. தூக்கி வரும் வேலை என்றால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். சட்டப்படியும் மாட்டிக்கொள்வீர்கள், உங்கள் மனமும் கெடும்.

எங்கே கற்பது என்பதற்கு வருகிறேன். சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, டி.டி.கே. மருத்துவமனை என்றால் எல்லோருக்கும் தெரியும். சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது. தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். மத்திய அரசு உதவி பெறும் மையங்களின் ஊழியர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பைப் பல ஆண்டுகளாக அந்த அமைப்பு ஏற்றிருக்கிறது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திய கிராம முகாம்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிராமத்துக்குள்ளேயே போய் முகாம் போட்டு, ஊராரையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை தந்தார்கள். நம் ஊர்களுக்குப் பொருந்தும் முறை அது. காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயில் ஏறினால் மதியத்துக்குள் சென்னை. பயிற்சி நாட்களை முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் உதவி பெறும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களில் உங்களைப் போன்றவர்களுக்கென்றே சக வழிகாட்டி என்ற பணியிடம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்து, ஓரிரு ஆண்டுகள் போதையின்றி இருந்து, பயிற்சிக்கு உடன்படுபவர் அதில் சேரலாம். கவுன்சலர் பணிக்கோ பட்டம் கேட்பார்கள். அதனால் நான் சொல்வது, ‘கவுன்சலர்’ என்ற பலகையை இப்போதே மாட்டிக்கொள்ளாதீர்கள். சக வழிகாட்டியாக, பதிவு பெற்ற ஒரு மையத்தில் தொடங்குங்கள். அதுவே உங்கள் பெட்டியடி.

கூடவே ஒரு பட்டம் படியுங்கள். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி இளநிலைப் படிப்பு இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். யாராவது உளவியலை அஞ்சல்வழியில் படிக்கச் சொன்னால் கட்டணம் கட்டாதீர்கள். உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் சொல்லிவிட்டது. பட்டம் முடித்த பிறகு, நேரில் படிக்க வசதி இருந்தால், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே சமூகப்பணி முதுநிலை இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வரலாம்.

இன்னும் சில ஆண்டுகள் கழித்து நினைத்துக்கொள்ள வேண்டியது, கொழும்புத் திட்டம் என்னும் பல நாட்டுக் கூட்டமைப்பின் சான்றிதழ். போதைச் சிகிச்சை ஊழியர்களுக்கான உலகப் பொதுப் பாடத்திட்டம் ஒன்றை அவர்கள் பரப்பிவருகிறார்கள். அடிப்படை நிலையில் எட்டுப் பாடநூல்கள்: உடலியக்கமும் மருந்தியலும், சிகிச்சைத் தொடர்ச்சி, உடன் வரும் மனநோய்களும் உடல்நோய்களும், ஆலோசனைத் திறன், மதிப்பீடும் ஆவணமும், நோயாளிக்கான சேவைகளை ஒருங்கிணைத்தல், நெருக்கடி நேரம், தொழில் அறம். தேர்வு எழுதிச் சான்று பெறலாம், அதில் படிநிலைகள் உண்டு. நம் முன்னோர் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் செட்டியார் தெருவில் உட்கார்ந்த அதே கொழும்புதான். இதற்கு ஆங்கிலம் கொஞ்சம் தேவைப்படும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனத்தின் போதை மருத்துவ மையம் இணையவழியிலும் பயிற்சி தருகிறது. அதற்கும் அப்படித்தான். ஆங்கிலம் இல்லையே என்று இன்று கலங்க வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுக்குத் தமிழ் போதும், நல்ல தமிழ் இருந்தால் அதுவே பெரிய கருவி.

இவ்வளவு ஆட்கள் தேவையா என்று உங்களுக்குத் தோன்றலாம். 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி குடிக்கு அடிமையானவர்கள் நாட்டில் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் பேர். அவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. நல்ல ஊழியர் ஒருவர் கூடினாலும் அது கணக்கில் வரும்.

பயிற்சி என்றால் சான்றிதழோடு முடிந்துவிடுவதாக நினைத்துக்கொண்டு, மேற்பார்வையை விட்டுவிடுவார்கள் பலர். வாரம் ஒருமுறை, உங்களைவிட அனுபவமுள்ள ஒருவர்முன் உட்கார்ந்து, இந்த வாரம் யாரைப் பார்த்தேன், என்ன சொன்னேன், எந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது, யாரைப் பார்த்தபோது என் அப்பா நினைவு வந்தது என்று ஒப்பிக்க வேண்டும். கிட்டங்கியில் ஒவ்வொரு நாள் வரவு செலவும் அன்றன்றே ஏட்டில் ஏறியதைப்போல, ஒவ்வொரு சந்திப்பும் அன்றே கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டும். எழுதாதது நடக்காததற்குச் சமம். அந்த மையத்தில் உங்களுக்கு மேற்பார்வையாளர் யார் என்று கேளுங்கள். “நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்” என்றால் அது பாராட்டில்லை.

இது நோயாளிக்காக மட்டும் சொல்வதில்லை. மீண்டவர்கள் இந்த வேலைக்கு வந்து மறுபடி குடித்ததைப் பார்த்திருக்கிறேன், மிக நல்லவர்களை. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ, கூட்டத்துக்குப் போவதை அவர்கள் நிறுத்தியிருந்தார்கள். நாள் முழுதும் குடியைப் பற்றியே பேசுகிறோமே, தனியாகக் கூட்டம் எதற்கு என்று நினைத்தார்கள். மையத்தில் நீங்கள் ஊழியர், கூட்டத்தில் நீங்கள் குடிநோயாளி. இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது. ஏஏயின் பாரம்பரியங்களில் எட்டாவது, அந்த இயக்கம் என்றும் தொழில்முறையாகாது என்கிறது. அங்கே புதியவருக்குத் துணை நிற்கும் மூத்த உறுப்பினரை ஸ்பான்சர் என்பார்கள், அவர் காசு வாங்காமல் தன் வாழ்க்கையைப் பகிர்கிறார். ஆலோசகர் சம்பளம் வாங்கிக்கொண்டு நோயாளியின் வாழ்க்கையைக் கேட்கிறார். இரண்டும் நல்ல வேலை, ஒரே நாற்காலியில் இரண்டையும் செய்ய முடியாது. நீங்கள் போகும் கூட்டத்துக்கு உங்கள் நோயாளிகள் வரத் தொடங்கினால், வாரம் ஒருநாள் மதுரைக்கோ திருச்சிக்கோ போய் வேறு கூட்டத்தில் உட்காருங்கள். பஸ் செலவைப் பார்க்காதீர்கள்.

கதையைச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். கேட்டால் மறைக்க வேண்டாம், கேட்காமல் தொடங்கவும் வேண்டாம். சொல்லும் முன் உங்களையே கேட்டுப்பாருங்கள், இதைச் சொல்வதால் லேசாவது அவர் மனமா, என் மனமா என்று. உங்களுடையது என்று தெரிந்தால் அதைக் கூட்டத்துக்கு எடுத்துப்போங்கள். சொன்னாலும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். என்னிடம் பயின்ற ஒருவர், உங்களைப் போலவே சமையல்காரர், இதை அழகாகச் செய்வார். நடுங்கும் கையோடு ஒரு பெரியவர் “நீயெல்லாம் குடித்திருக்கிறாயா?” என்று சீறினார். “குடித்திருக்கிறேன் ஐயா. என் கை உங்கள் கையைவிட அதிகம் ஆடியது” என்றார் இவர். பிறகு தண்ணீர் டம்ளரை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு, “நேற்று ராத்திரி தூங்கினீர்களா?” என்று கேட்டார். பெரியவர் இரண்டு மணி நேரம் பேசினார்.